பார்க்கிங் இல்லாத வீடா? புக்கிங் கட்டுமுன் ராத்திரி ஒரு தடவை போய்ப் பாருங்கள்

கோலாலம்பூரில் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ லிஃப்ட் இல்லாத பழைய பிளாட் விலைக்கு வந்தால், ஏஜெண்ட் பெரும்பாலும் பகலில்தான் வீடு காட்டுவார். எல்லாரும் வேலைக்குப் போன நேரம், கீழே நாலைந்து இடம் காலியாகக் கிடக்கும், "ரோட்டிலேயே தாராளமாகப் போடலாம்" என்பார். அதை நம்பி 3 சதவீதப் புக்கிங் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

வேலைநாளில் இரவு பத்து மணிக்குமேல் உங்கள் காரிலேயே போய் இடம் தேடிப் பாருங்கள். டபுள் பார்க்கிங் போட்டிருக்கும் கார்களைக் கவனியுங்கள். டாஷ்போர்டில் போன் நம்பர் எழுதிய அட்டை இருக்கும், சிலர் ஹேண்ட்பிரேக் போடாமல் நியூட்ரலில் விட்டிருப்பார்கள், தேவைப்பட்டால் தள்ளிவிட்டு உங்கள் காரை எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். காலை ஆறரைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றும்போது இதை தினமும் செய்ய முடியுமா என்று அங்கேயே நின்று யோசியுங்கள். பசார் மாலாம் (இரவுச் சந்தை) நாள், பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் வெள்ளிக்கிழமை மதியம், பிரிக்பீல்ட்ஸ் என்றால் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள், இதெல்லாம் தனிக் கணக்கு. ஜாலான் ஈப்போ பக்கமானால் தைப்பூச ரதம் பத்துமலைக்குப் போகும் இரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காகிதம். "ஒரு லாட் உண்டு" என்று விற்பவர் சொன்னால், அது கிராண்டில் (வீட்டு உரிமைப் பத்திரத்தில்) பெட்டாக் அக்செசொரி, அதாவது வீட்டைச் சேர்ந்த துணை லாட், என்று வீட்டோடு பதிவாகியிருக்கிறதா, இல்லை பொது இடத்தில் நிர்வாகம் ஒதுக்கிக் கொடுத்ததா என்று வக்கீலை வைத்து சர்ச் (பத்திரப் பதிவுத் தேடல்) எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது வீட்டோடு உங்களுக்கு வந்துவிடும். இரண்டாவதை நிர்வாகம் நாளைக்கு மாற்றலாம், அதனால் கட்டடத்தின் கூட்டு நிர்வாகக் குழுவான ஜே.எம்.பி.யிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் லாட்டை மட்டும் தனியாக விற்கிறேன் என்று வந்தால் பணம் கொடுக்கவே கூடாது. 1985ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா டைட்டல் (அடுக்குமாடி வீட்டு உரிமை) சட்டத்தின் 69ஆவது பிரிவுப்படி, அக்செசொரி லாட்டை அது சேர்ந்த வீட்டிலிருந்து பிரித்துக் கைமாற்ற முடியாது.

தரைவீடு என்றாலும் வாசலுக்கு எதிரே உள்ள ரோடு நம்முடையது ஆகாது. பூந்தொட்டி, கூம்பு, பழைய நாற்காலி வைத்து இடம் பிடிப்பது 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம், மாநகராட்சியான டிபிகேஎல் வந்து அள்ளிக்கொண்டு போகும். அக்கம்பக்கத்தோடு மனஸ்தாபமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இடமே இல்லையென்றால் பக்கத்துக் கட்டடங்களில் மாதப் பாஸ் கிடைக்குமா என்று நேரில் போய்க் கேளுங்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையும் உள்ளே விடுவார்களா என்பதை முதலில் கேட்க வேண்டும், சில இடங்களில் பாஸ் ஆபீஸ் நேரத்துக்கு மட்டும்தான். எல்ஆர்டி ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இருந்தால், வீட்டில் ஒருவர் மாதம் 50 ரிங்கிட் மை50 ரயில், பஸ் பாஸில் போய்வர முடியுமா, இரண்டாவது கார் அவசியம்தானா என்றும் குடும்பத்தோடு பேசுங்கள்.

சரி, இவ்வளவுக்கும் பிறகு வீடு பிடித்திருக்கிறதா? விலையில் பேசுங்கள். பார்க்கிங் பாஸ் மாதம் 200 ரிங்கிட் என்று வைத்தால் பத்து வருஷத்துக்கு 24,000 ரிங்கிட். அந்தக் கணக்கை எழுதி ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு, விற்பவர் பதில் சொன்ன பிறகே ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுங்கள்.