வங்கி விற்கும் வீட்டைத் தேடிய கதை

கடன் கட்டாததால் வங்கி விற்கும் வீட்டுக்காக இணையத்தில் 'ஃபோர்க்ளோஷர்' என்று தேடினால் சிங்கப்பூர் வீடுகள் சிக்கவில்லை. வீடு விற்கும் தளங்களிலும் அப்படி ஒரு பிரிவைக் காணோம். வங்கிக் கிளையில் கேட்டதற்கு, பட்டியல் எதுவும் தருவதில்லை என்றார்கள். நான்கு நாள் வீண்.

கோளாறு சொல்லில்தான். இங்கே அதன் பெயர் 'மார்ட்கேஜி சேல்'. அடமானம் பிடித்த வங்கி, ஏல நிறுவனத்திடம் வீட்டை ஒப்படைத்துவிடும். அந்த நிறுவனங்களின் ஏலப் பட்டியலை எடுத்ததும் வேலை முடிந்தது. ஆனால் அதே பட்டியலில் உரிமையாளரே விற்கும் 'ஓனர்ஸ் சேல்' வீடுகளும் கலந்து கிடக்கும். அவை வங்கி விற்பவை அல்ல. ஒவ்வொரு வீட்டின் பக்கத்திலும் விற்பவர் யார் என்ற குறிப்பைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

அடுத்த பொறி முன்பணம். ஏலத்தில் நம் விலைக்குச் சுத்தியல் விழுந்தால் ஒப்பந்தம் உறுதி. வழக்கமான விற்பனையில் கிடைக்கும் யோசிக்கும் அவகாசம் இல்லை. முன்பணத்தை அங்கேயே கட்ட வேண்டும், மத்திய சேம நிதிப் பணம் (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் சிபிஎஃப் சேமிப்பு) அதற்குள் கைக்கு வராது. ஆகவே எனக்குக் கடன் தரும் வங்கியின் முன் ஒப்புதல் கடிதத்தையும் ரொக்கத்தையும் முதலில் தயாராக வைத்தேன். முத்திரை வரிக்கு 14 நாள்தான் கெடு.

விற்பனை நிபந்தனைகளை வழக்கறிஞரிடம் ஏலத்துக்கு முன்பே காட்டினேன். வீடு காலியாகக் கிடைக்குமா, ஆள் குடியிருக்கிறாரா என்ற வரி அதில்தான் இருக்கும்.

ஏலத்தில் விலை போகாத வீட்டுக்கும் பிறகு நேரடியாக விலை பேசலாம். எனக்கு அமைந்தது அப்படித்தான்.