முதல் செடித் தொட்டி: செடி முதலில், மீன் கடைசியில்

செடிகள் வளரும் நன்னீர் மீன் தொட்டியை முதன்முறையாக அமைப்பவர்களில் பலர், தொட்டி, மணல், செடி, மீன் ஆகிய எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வந்து அன்று இரவுக்குள்ளேயே தண்ணீரில் இறக்கிவிடுகிறார்கள். சில நாட்களில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்குவதையும் ஒவ்வொன்றாகச் சாவதையும் பார்த்து, மீன் நோயுற்றிருந்தது என்றோ கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் காரணம் புதுத் தண்ணீர்தான். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அந்தத் தொட்டியில் இன்னும் பெருகியிருக்காது. ஆகவே செடியை முதலில் நட்டு, தொட்டியை ஒரு மாதம் மீனில்லாமல் ஓடவிட்டு, அதன் பிறகு மீனைக் கொண்டுவருவதே சரியான வரிசை. சென்னை போன்ற வெப்பமான சமவெளி ஊரில், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எதுவும் இல்லாமல், எளிய செடிகளைக் கொண்டு ஒரு தொட்டி அமைப்பதை மனத்தில் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் இருக்கட்டும். இந்த அளவில் ஏறக்குறைய 54 லிட்டர் கொள்ளும். மணல், கல், மேலே விடும் இடைவெளி ஆகியவை போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். சிறிய கண்ணாடிக் குடுவை மலிவாகத் தெரிந்தாலும் அது தொடக்கக்காரருக்கு ஏற்றதல்ல. தண்ணீர் குறைவாக இருந்தால் வெப்பமும் கழிவின் செறிவும் விரைவாக ஏறி இறங்கும். தவறைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்காது. கண்ணாடி 6 மில்லிமீட்டர் தடிமன் இருப்பது நல்லது. எல்லாம் நிரம்பிய பிறகு தொட்டியின் எடை 70 கிலோவை எட்டிவிடும் என்பதால், ஆடாத, சமமட்டமான மேசையில் தெர்மோகோல் ஷீட் விரித்து அதன் மேல் வைக்க வேண்டும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். அங்கே தண்ணீர் பச்சையாக மாறுவதும் வெப்பம் கூடுவதும் நிச்சயம்.

அடுத்தது தண்ணீர். இதற்குத்தான் அதிக கவனம் தேவை. குழாயில் வரும் மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். அது மீனின் செவுளைப் புண்ணாக்குவதோடு, நாம் வளர்க்க நினைக்கும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தாலோ ஏர் பம்ப் போட்டுக் காற்றூட்டினாலோ குளோரின் வெளியேறிவிடும். ஆனால் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்த தண்ணீரில் இந்த வழி பயன்படாது. மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்ற பெயரில் கிடைக்கும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலைச் சேர்ப்பது பாதுகாப்பானது. ஒவ்வொரு முறை புதுத் தண்ணீர் ஊற்றும்போதும் இதை மறக்கக் கூடாது.

போர்வெல் தண்ணீரில் குளோரின் இருக்காது; அங்கே பிரச்சினை உப்பு. டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பார்க்க வேண்டும். 200 முதல் 400 வரை காட்டும் தண்ணீரில் இங்கே சொல்லப்போகும் செடிகளும் மீன்களும் நன்றாக வாழும். 1000-ஐ ஒட்டிக் காட்டினால் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்துகொள்ளலாம். ஆர்ஓ தண்ணீரை மட்டுமே தனியாக ஊற்றக் கூடாது; செடிக்கும் மீனுக்கும் வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் அதில் ஏறக்குறைய இல்லை. டிடிஎஸ் மீட்டர், கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும், அது எந்த உப்பு என்பதைக் காட்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கெட்டிலில் வெள்ளையாகப் படியும் கால்சியம் உப்பைப் பல செடிகள் தாங்கும். கடலோரப் பகுதிகளின் கிணற்றில் ஏறும் சாதாரண உப்பைத் தாங்குவது கடினம். நாக்கில் கரிக்கும் தண்ணீரைத் தொட்டிக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

அடிமணலுக்குக் கடையில் விற்கும் விலையுயர்ந்த சத்து மண் கட்டாயமில்லை. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்களில் போடும் 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள ஃபில்டர் மணல் போதும். கடல் மணல் கூடாது. கட்டட வேலைக்கான எம்-சாண்டில் தூள் அதிகம்; எவ்வளவு கழுவினாலும் கலங்கும். மணலிலோ கல்லிலோ சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க, அதன் மேல் சில துளி வினிகர் விட்டுப் பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் அது தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். மணலை வாளியில் போட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை கையால் கிளறிக் கழுவி, முன்பக்கம் 3 சென்டிமீட்டர், பின்பக்கம் 6 சென்டிமீட்டர் உயரத்தில் சரிவாகப் பரப்ப வேண்டும். வெறும் மணலில் சத்து இல்லை என்பதால், வேரால் உண்ணும் செடிகளின் அருகே ரூட் டேப் எனப்படும் உர மாத்திரைகளை மணலுக்குள் ஆழமாகப் புதைக்க வேண்டும். மாடித் தோட்டத்துக்கு வாங்கிய யூரியாவைப் போட நினைப்பவர்கள் உண்டு. யூரியா தண்ணீரில் அம்மோனியாவாக மாறும் என்பதால் அந்த எண்ணத்தை உறுதியாகக் கைவிட வேண்டும்.

எந்தச் செடி என்பதில் ஆசையைச் சற்று அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இணையத்தில் காணும் புல்வெளி போன்ற தொட்டிகளின் அழகுக்கு வழிகாட்டியவர், ஜப்பானின் நீகாடாவைச் சேர்ந்த தகாஷி அமானோ. அவ்வகைத் தொட்டிகள் வலுவான விளக்கையும் அழுத்தத்தில் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடையும் நம்பி வளர்பவை. அந்தத் தரைக்கொடிச் செடிகளை எளிய தொட்டியில் நட்டால் சில வாரங்களில் மஞ்சளித்து மிதக்கும். முதல் தொட்டிக்கு வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா, கிரிப்டோகோரின் வென்ட்டி, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா மாஸ் ஆகியவை போதும். இவற்றில் ஹைக்ரோஃபிலா இந்தியாவிலும் இயற்கையாக வளரும் செடி. கிரிப்டோகோரின் வென்ட்டி இலங்கை ஓடைகளைச் சேர்ந்தது. வாலிஸ்னேரியா கடினத் தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ள வல்லது என்பதால், போர்வெல் தண்ணீர் உள்ளவர்களுக்கு அதுவே முதல் தேர்வு. செலவில் எங்கேனும் தாராளம் காட்டுவதென்றால் செடியில் காட்டுங்கள். முதல் நாளிலேயே தரையில் பாதிக்கு மேல் செடி நிறைந்திருந்தால் சத்தைச் செடி எடுத்துக்கொள்ளும். நான்கு தண்டு மட்டும் நட்டு வைத்தால் அதே சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

நடும்போது மணல் ஈரமாகவும் தண்ணீர் நான்கு விரல் உயரத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். செடியைத் தொட்டியிலிருந்தே வாங்கினாலும் குட்டிச் சட்டியில் வாங்கினாலும், அதன் வேரைச் சுற்றியுள்ள பஞ்சையும் தண்டைக் கட்டிய ஈயப் பட்டையையும் முழுமையாக நீக்கி, அழுகிய இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். கிரிப்டோகோரினின் நீண்ட வேரை இரண்டு விரற்கடை அளவு விட்டு வெட்டி, நீண்ட இடுக்கியால் வேரின் நுனியைப் பிடித்து மணலுக்குள் சாய்வாகச் செருகி, இடுக்கியைச் சற்றே விரித்து மெதுவாக வெளியே எடுத்தால் செடி உள்ளேயே நிற்கும். பிறகு இலையடியைப் பிடித்து மிக இலேசாக மேலே இழுத்துவிட வேண்டும். இலைகள் புறப்படும் வெண்மையான அடிப்பகுதி மணலுக்கு மேலே தெரியும்போது நிறுத்த வேண்டும். வாலிஸ்னேரியாவுக்கும் இதே முறைதான். அடிப்பகுதி புதைந்தால் அது அழுகும். ஹைக்ரோஃபிலா போன்ற தண்டுச் செடிகளைக் கொத்தாகப் புதைக்காமல், கீழ்க் கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு ஒவ்வொரு தண்டாக ஒரு விரல் இடைவெளியில் நட வேண்டும். ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் மணலில் நடவே கூடாது. கிடைமட்டமாக ஓடும் அவற்றின் தடித்த கிழங்குத் தண்டை மரக்கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிட்டால் சில மாதங்களில் வேர் தானே பற்றிக்கொள்ளும். மரக்கட்டையை முன்கூட்டியே பல நாட்கள் ஊறவைத்தால்தான் மூழ்கும். அதிலிருந்து இறங்கும் சாயம் தண்ணீரைத் தேநீர் நிறமாக்கினாலும் அதனால் தீங்கில்லை.

நட்டு முடித்ததும் மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் தண்ணீர் விழுமாறு மெதுவாக ஊற்றி நிரப்ப வேண்டும். ஃபில்டர் மணிக்கு 200 முதல் 250 லிட்டர் ஓட்டம் உள்ளதாக இருந்தால் போதும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மலிவானது, பழுதாவது குறைவு. விளக்குக்கு 6500 கெல்வின் வெள்ளை எல்இடி பொருத்தமானது. 45 லிட்டருக்கு 1000 முதல் 1500 லூமன் வரை இருக்கலாம். ஒரு டைமர் கட்டாயம் வாங்க வேண்டும். முதல் மாதம் நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் விளக்கு எரியக் கூடாது. செடி வளரவில்லையே என்று விளக்கின் நேரத்தைக் கூட்டுவது பாசிக்கு மட்டுமே உதவும்.

இனி அந்த ஒரு மாதம். அழுகும் பொருளிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது சிறிய அளவில் தீங்கற்றது, செடிக்கும் உணவு. இந்த நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சிலும் மணலிலும் பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அவற்றுக்கு உணவாக இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைத் தூவலாம். நோயற்ற பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கேறிய ஸ்பாஞ்சை வாங்கி நம் தொட்டித் தண்ணீரில் பிழிந்துவிட்டால் இந்தக் காலம் கணிசமாகக் குறையும். நம் ஊர்களில் இதை அலட்சியப்படுத்தக் கூடாததற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. காரத்தன்மை கூடுதலாகவும் வெப்பம் மிகுதியாகவும் உள்ள தண்ணீரில் அம்மோனியாவின் கூடுதல் பங்கு நச்சு வடிவத்துக்கு மாறிவிடும். ஆகவே குளிர்நாட்டு மென்னீரில் தப்பிக்கும் மீன், அதே அளவு அம்மோனியாவில் இங்கே செத்துப்போகக் கூடும். துளி மருந்து விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, தீவனம் போட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதுவரை மீன் வேண்டாம்.

இந்த வாரங்களில் தொட்டி அழகாக இருக்காது. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. கடையில் விற்கும் செடிகளில் பல, நீருக்கு வெளியே ஈரக் காற்றில் வளர்க்கப்பட்டவை. அவற்றின் பழைய இலைகள் தண்ணீருக்குள் கரைந்துபோகும். கிரிப்டோகோரின் சில நாட்களில் மொட்டையாகவே நிற்கும். வேர் உயிரோடு இருக்கும் என்பதால் பிடுங்காமல் விட்டுவைத்தால் புது இலை வரும். தண்ணீர் பால் கலந்தாற்போல் மங்கினால் அது நுண்ணுயிர்ப் பெருக்கம். முழுவதையும் கொட்டி நிரப்பக் கூடாது, சில நாட்களில் தானே தெளியும். கண்ணாடியில் படியும் பழுப்பு நிறப் படலமும் புதுத் தொட்டிக்கு இயல்பானது. துணியால் துடைத்தால் போதும். பச்சை நூற்பாசி மட்டும் கவலைக்குரியது. அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி எடுத்துவிட்டு, விளக்கு நேரத்தை ஒரு மணி நேரம் குறைக்க வேண்டும்.

மீன் வாங்கும் நாளில் சென்னையில் இருப்பவர்கள் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர்ப் பக்கம் போவார்கள். அங்கே கண்ணைக் கவரும் எல்லாமே நம் தொட்டிக்கு ஏற்றவை அல்ல. கடினத் தண்ணீருக்குக் கப்பியும் பிளாட்டியும் மிகப் பொருத்தம். ஓரளவு மென்மையான தண்ணீர் உள்ளவர்கள் இலங்கையைச் சேர்ந்த செர்ரி பார்பை வைக்கலாம். தங்கமீன் செடியைத் தின்னும், பிடுங்கும், இந்தத் தொட்டிக்குப் பெரிதாகவும் வளரும். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. அதையும் தவிர்க்க வேண்டும். முதலில் 5 அல்லது 6 சிறு மீன்கள் மட்டும். பையை விளக்கணைத்த தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, அரை மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே தீவனம்.

அதன்பின் பராமரிப்பு எளிது. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். ஸ்பாஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலச வேண்டும். குழாயடியில் கழுவினால் குளோரின் ஒரு மாத உழைப்பை அழித்துவிடும். பழைய இலையில் ஓட்டை விழுந்தால் பொட்டாசியமும், புது இலை வெளுத்தால் இரும்பும் குறைகின்றன என்று கொண்டு, திரவ உரத்தை வாரம் ஒருமுறை, புட்டியில் குறித்த அளவில் பாதி மட்டும் ஊற்றலாம். கோடையில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து நீர்மட்டத்தின் மேல் சிறு மின்விசிறியை வீசச் செய்தால் ஆவியாதலால் 2 முதல் 3 டிகிரி வரை இறங்கும். அப்படி வற்றும் அளவை ஆர்ஓ தண்ணீரால் ஈடுசெய்ய வேண்டும். ஆவியாகும்போது தண்ணீர்தான் போகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. நீண்ட மின்வெட்டு உள்ள ஊர்களில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் இதற்கு மாறாக ஹீட்டர் தேவைப்படும்.

மூன்று மாதத்தில் ஹைக்ரோஃபிலா நீர்மட்டத்தைத் தொட்டுவிடும். அதை நடுவில் வெட்டி, மேல்பாதியை அருகிலேயே நட்டால் அதுவும் வேர்விடும். மிஞ்சும் செடிகளை நண்பர்களுக்குக் கொடுக்கலாம், அல்லது வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பூந்தொட்டியில் உரமாகப் போடலாம். ஏரியிலோ வாய்க்காலிலோ அவற்றைக் கொட்டக் கூடாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை மூடிக்கிடப்பதும், வீட்டுத் தொட்டிகளுக்காக வந்த சக்கர் மீன் இன்று ஏரிகளில் மீனவர் வலையில் சிக்குவதும் நாம் கண்ணால் காண்பவை. வளர்க்க முடியாமல் போகும் மீனையும் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பல கடைக்காரர்கள் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.