ஒரே இன்வொய்ஸ், இரண்டு ஹேஷ்

புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடைக்கு இன்வொய்ஸ் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு இன்வொய்ஸையும் ஜேசானாக (தரவைப் பெயர்-மதிப்பு ஜோடிகளாக எழுதும் வடிவம்) எழுதி, பில் போடும் பிரவுசரும் சர்வரில் பைத்தானும் தனித்தனியாக ஷா-256 ஹேஷ் எடுக்கும். ஹேஷ் என்பது தரவின் கைரேகை மாதிரி, ஒரு பைட் மாறினாலும் முழுதாக மாறிவிடும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை.

முதலில் ஜேசானின் கீகளை (பெயர்களை) அகர வரிசைப்படுத்தி, இடைவெளிகளை எடுத்தேன். அப்புறம் தொகை: பைத்தான் 1500.0 என்று எழுதுவதைப் பிரவுசர் 1500 என்று எழுதும், அதனால் ரூபாயைச் சதமாக்கி 150000 என்று முழு எண்ணாகவே வைத்தேன்.

அப்படியும் சில பில்கள் இடித்தன. இரண்டு நாள் மண்டையை உடைத்து, பைட் பைட்டாக ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது, பிழை வந்த எல்லா முகவரியிலும் 'கொழும்பு' இருந்தது! 'கொ'வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், எழுத்தைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒன்று 3 பைட், மற்றது 6. கடையில் டைப் செய்தது ஒரு விதம், பழைய வாடிக்கையாளர் பட்டியலில் இருந்தது மற்ற விதம்.

ஹேஷுக்கு முன் இரு பக்கமும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றினேன், சரியாகிவிட்டது. ஜேசானைச் சீர்ப்படுத்தும் ஆர்எஃப்சி 8785 என்ற முறை இந்த வேலையைச் செய்யாது, தமிழ்ப் பெயர் வரும் இடத்தில் நாமே செய்ய வேண்டும். பழைய இன்வொய்ஸ்களுக்கும் புதிதாக ஹேஷ் எடுத்து, எந்த விதிப்படி எடுத்தது என்று பதிப்பு எண்ணையும் கூடவே சேமித்திருக்கிறேன்.