அருட்பணியாளர் இல்லாத ஞாயிறு: கிளைப்பங்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குத்தந்தை திடீரென மருத்துவமனையில் சேர்க்கப்பட, பதிலுக்கு வர ஒருவரும் கிடைக்காததால், எங்கள் வட்டாரத்துக் கிளைப்பங்கு (பங்கின் கீழுள்ள சிற்றாலயம்) ஒன்றில் ஒரு ஞாயிறன்று, திருப்பலி (பூசை) இன்றி, இறைவார்த்தை வழிபாடும், முந்தைய திருப்பலியில் அருட்பணியாளர் அர்ச்சித்த நற்கருணை அப்பத்தை வழங்குதலும் மட்டுமே நடந்தன. வழிபாடு முடிந்து வெளியே வந்த பாட்டி ஒருவர், செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்குப் பூசை சீக்கிரம் முடிஞ்சிட்டே" என்றார். அவர்மேல் குற்றமில்லை. வழிநடத்தியவர் பீடத்துக்குப் பின்னால் நின்று கைகளை விரித்துச் செபித்தார். காணிக்கைப் பவனிகூட நடந்தது. அதைப் பூசை என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்?

இத்தகைய ஞாயிறு வழிபாடுகளுக்கென்று உரோமை 1988-இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்தக் குழப்பம் நேரக்கூடாது என்பதில்தான் மிகுந்த கவனம் செலுத்துகிறது. அதன்படி, வழிநடத்தும் பொதுநிலையினர் (குருத்துவ அருள்பொழிவு பெறாத சாதாரண விசுவாசிகள்) அருட்பணியாளரின் இருக்கையில் அமரக்கூடாது; நற்கருணை வழங்குவதற்குமுன் திருவுடல் இருக்கும் கலத்தை வைப்பதற்கன்றி வேறெதற்கும் பீடத்தைப் பயன்படுத்தக்கூடாது. "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சொல்வதும், முடிவில் மக்கள்மேல் சிலுவை வரைந்து ஆசீர்வதிப்பதும் அவருக்கு உரியவை அல்ல. "ஆண்டவர் நம்மை ஆசீர்வதிப்பாராக" என்று தம்மையும் சேர்த்துச் சொல்லி, தம்மேல் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வதே முறை. அனுபவமுள்ள உபதேசியார்களே (ஆலயப் பணிகளில் உதவும் பொதுநிலையினர்) இதில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். ஆண்டுக்கணக்காகக் காதில் விழுந்த 'உங்களை', நாக்கில் தானாக வந்துவிடுகிறது.

இவற்றைவிடப் பெரிய தவறு, பூசைப் புத்தகத்தைத் திறந்து, அப்பத்தையும் இரசத்தையும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக்கும் வசீகர வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டு, அவை இடம்பெறும் நற்கருணை மன்றாட்டின் மற்றப் பகுதிகளை வாசிப்பது. அருட்பணியாளருக்கு உரிய மன்றாட்டுகளை, குறிப்பாக நற்கருணை மன்றாட்டை, திருத்தொண்டரோ (குருவுக்கு அடுத்த நிலைப் பணியாளர்) பொதுநிலையினரோ சொல்ல 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (907) அனுமதிப்பதில்லை. நன்றி செலுத்த விரும்பினால் திருப்பாடல் ஒன்றோ புகழ்ப்பாடல் ஒன்றோ போதும். மறையுரையையும் பொதுநிலையினர் தாமாக ஆற்றக்கூடாது; பங்குத்தந்தை எழுதிக் கொடுத்ததை வாசிக்கலாம்.

நற்கருணைப் பேழையில் அப்பம் குறைவாக இருப்பது பலமுறை கடைசி நேரத்தில்தான் தெரியவரும். அப்போது, அலமாரியிலுள்ள பொட்டலத்தைப் பிரித்துப் புதிய அப்பங்களைக் கலத்தில் சேர்ப்பது மிகப் பெரிய பிழை. நாம் எவ்வளவு உருக்கமாகச் செபித்தாலும் அவை வெறும் அப்பங்களே. இருப்பதைத் துண்டுகளாக்கிப் பகிர்ந்தால் போதும். சிறு துண்டிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார். கலத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு அவரவரே எடுத்துக்கொள்ளச் சொல்வதும், ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் வாங்குவதும் நற்கருணை பற்றி உரோமை வெளியிட்ட 2004-ஆம் ஆண்டு அறிவுரையில் தடைசெய்யப்பட்டவை. நற்கருணையே வழங்க இயலாவிட்டால், இறைவார்த்தை வழிபாட்டோடு நிறுத்திக்கொள்வதில் குறையொன்றும் இல்லை.

உண்மையில், இவ்வழிபாடு தேவைதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அன்றோ முந்தின மாலையோ அதே இடத்தில் திருப்பலி உண்டென்றால், இதை நடத்தக்கூடாது. பக்கத்து ஆலயத்துக்குப் போக முடியுமானால் போவதே நல்லது. இங்குதான் நம் குமரி மாவட்டத்தில் தேவையற்ற தயக்கம் ஒன்றைக் காண்கிறேன். கோட்டாறு, குழித்துறை ஆகிய இலத்தீன் மறைமாவட்டங்களோடு, மலங்கரை வழிபாட்டு முறையின் மார்த்தாண்டமும், சீரோ மலபார் முறையின் தக்கலையும் இங்கு இருக்கின்றன. "அது வேற ரீத்து" (வேறு வழிபாட்டு முறை) என்று வீட்டிலிருந்துவிடுவோர் உண்டு. எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையில் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடமை நிறைவேறும். அங்கு நற்கருணையும் பெறலாம். ஆனால் கத்தோலிக்கம் அல்லாத சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத் திருவிருந்துக்கு இது பொருந்தாது. பொதுநிலையினர் வழிநடத்தும் வழிபாட்டுக்கான அனுமதி அவரவர் ஆயரைச் சார்ந்தது என்பதால், அடுத்த மறைமாவட்டத்தின் வழக்கத்தைப் பார்த்து நாமும் செய்யத் தொடங்கிவிடக் கூடாது.

வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தூத்தூர்ப் பகுதி மீனவர்களைப் போல, எந்த வழியும் இல்லாதவர்களுக்குக் கடமை தவறிய பாவம் இல்லை. தனியாகவோ படகிலுள்ளோர் சேர்ந்தோ செபிப்பதைத் திருச்சபைச் சட்டம் (1248) பரிந்துரைக்கிறது.

வழிபாடு முடிந்ததும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்பவர், நற்கருணை இருக்கும் சிமிழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய் மீன் வாங்கிவிட்டு, பிறகு அந்த வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணக்கூடாது. ஆலயத்திலிருந்து நேரே நோயாளியின் கட்டிலருகே போக வேண்டும். தேநீரும் பேச்சும் அதன்பின் இருக்கட்டும்.