டெட்ரிஸ் போட்டிக்கு இறங்குவது எப்படி: விழுகிற கட்டையைப் பார்க்காதீர்கள்

தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்குத் திருவிழாக் கடையில் வாங்கிய பிரிக் கேம் நினைவிருக்கும். இரண்டு பேனா பேட்டரி, சாம்பல் நிறத் திரை, அட்டையில் "9999 இன் 1" என்று ஒரு அப்பட்டமான பொய். அதில் விளையாடிப் பழகிய தெம்போடுதான் சில வருடங்களுக்கு முன் இணையத்தில் டெட்ரிஸ் போட்டிக்குள் நுழைந்தேன். அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. கீழே இருந்து சாம்பல் நிற வரிசைகள் கொத்துக் கொத்தாக ஏறி வந்தன. என்ன நடந்தது என்று புரிவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

எதிராளியின் கை வேகம் என்று அன்றைக்கு நினைத்தேன். அது பாதிதான் உண்மை. அவர் எங்கே பார்க்கிறார், நான் எங்கே பார்க்கிறேன் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. அது பிடிபட எனக்கு நெடுநாள் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை.

படி 1: எந்த டெட்ரிஸ்?

1984இல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய ஆட்டம் இது. இன்றைக்குப் போட்டி உலகத்தில் இதற்கு இரண்டு பெரிய கிளைகள். ஒன்று, 1989இல் நின்டெண்டோ என்ஈஎஸ் கருவிக்கு வந்த பழைய ஆட்டம். அதற்கென்று 2010 முதல் உலகப் போட்டி நடக்கிறது. 2023 டிசம்பரில் வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயதுப் பையன் அதை 157ஆம் நிலை வரை கொண்டுபோய், ஆட்டமே உறைந்து நிற்கும்படி செய்தது அப்போது பெரிய செய்தி. அந்த ஆட்டத்தில் அடுத்து வரும் கட்டை ஒன்றுதான் தெரியும், கட்டையை எடுத்துவைக்கும் வசதியும் கிடையாது. அது தனி வித்தை.

இன்னொன்று நவீன டெட்ரிஸ். அடுத்து வரும் ஐந்து கட்டைகள் வரை தெரியும். ஒரு கட்டையை ஹோல்டில் ஒதுக்கி வைக்கலாம். ஒரு கீயைத் தட்டினால் கட்டை நேராகத் தரையில் போய் ஒட்டும். இதற்கு ஹார்ட் டிராப் என்று பெயர். இருவர் மோதும்போது நாம் அழிக்கும் வரிசைகள் எதிராளிக்குக் கார்பேஜ், அதாவது குப்பை வரிசைகளாகப் போகும். நான் சொல்லப்போவது இதைத்தான். பிரவுசரில் இலவசமாக ஆட டெட்ரியோ, ஜேஸ்ட்ரிஸ் இரண்டும் இருக்கின்றன. போனில் வேண்டாம், கீபோர்டு வேண்டும்.

படி 2: செட்டிங்கைத் தொடாமல் ஆடாதீர்கள்

முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. ஆறு மாதம் கழித்து மாற்றினால் விரல் பழக்கத்தை அழித்து எழுத வேண்டிவரும்.

கட்டையை நகர்த்தும் கீயை அழுத்திப் பிடித்தால், சிறிது தாமதத்துக்குப் பிறகு அது தானாக ஓட ஆரம்பிக்கும். அந்தத் தாமதத்துக்கு டிஏஎஸ் என்று பெயர். ஓட ஆரம்பித்த பிறகு ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் உள்ள இடைவெளி ஏஆர்ஆர். டெட்ரியோவில் இவை 10 ஃபிரேம், 2 ஃபிரேம் என்று இருக்கும். நொடிக்கு 60 ஃபிரேம் என்பதால் 10 ஃபிரேம் என்றால் ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. கேட்கச் சின்னதுதான், ஆட்டத்தில் மாட்டுவண்டி மாதிரி இருக்கும். டிஏஎஸ்ஸை 8க்குக் குறையுங்கள், ஏஆர்ஆரை 0 ஆக்குங்கள். இப்போது கீயைப் பிடித்தால் கட்டை சட்டென்று சுவரோரம் போய் நிற்கும். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், ஆறாம் படியில் இதன் பலன் தெரியும்.

கீ விஷயத்தில் ஒன்று மட்டும். ஷிஃப்ட் கீயை ஹோல்டுக்கு வைத்தால், அதை ஐந்து முறை தட்டியதும் விண்டோஸ் "ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா" என்று கேட்டு ஆட்டத்தின் நடுவே பெட்டியைத் திறக்கும். அதை முதலிலேயே அணைத்துவிடுங்கள். இடப்பக்கம் சுழற்ற ஒரு கீ, வலப்பக்கம் சுழற்ற ஒரு கீ என்று இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கீயை மூன்று முறை தட்டும் பழக்கம் வந்துவிட்டால் போகாது.

படி 3: ஏழு கட்டை, ஒரு பை

ஐ, ஓ, டி, எஸ், இசட், ஜே, எல். பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துகளின் உருவத்தை வைத்து வந்தவை. நவீன ஆட்டத்தில் இந்த ஏழும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்ததுபோல வரும். பை காலியான பிறகுதான் அடுத்த பை. எனவே எவ்வளவு கெட்ட நேரமாக இருந்தாலும், ஒரு ஐ கட்டைக்கும் அடுத்த ஐ கட்டைக்கும் நடுவே 12 கட்டைகளுக்கு மேல் வராது. "நீளக் கட்டை வரவே மாட்டேங்குது" என்ற புலம்பல் பிரிக் கேமோடு போயிற்று.

படி 4: அடுக்கும் கலை

களம் 10 பத்தி அகலம், 20 வரிசை உயரம். வலது ஓரப் பத்தியைக் காலியாக விட்டுவிட்டு மற்ற ஒன்பதையும் நிரப்புங்கள். நான்கு வரிசை உயரம் ஏறியதும் ஐ கட்டையை அந்த ஓரத்தில் இறக்கினால் நான்கும் ஒன்றாக அழியும். கணக்கு சுத்தமானது: ஒன்பது பத்தி, நான்கு வரிசை, மொத்தம் 36 கட்டம், ஒரு கட்டைக்கு நான்கு கட்டம் என்பதால் ஒன்பது கட்டை. பத்தாவதாக ஐ. அதற்குத்தான் டெட்ரிஸ் என்று பெயர்.

ஏன் இந்தப் பாடு? பொதுவான விதிப்படி ஒரு வரிசை அழித்தால் எதிராளிக்கு ஒன்றும் போகாது. இரண்டு அழித்தால் 1, மூன்றுக்கு 2, நான்குக்கு 4. ஒவ்வொன்றாக நாலு தடவை அழிப்பவர் அனுப்புவது பூஜ்ஜியம். பிரிக் கேம் வீரர்கள் அடி வாங்குவது இங்கேதான்.

அடுக்கும்போது புதியவர்கள் எல்லோரும் மேல்பரப்பைத் தட்டையாக வைக்கப் பார்க்கிறார்கள். முழுத் தட்டை ஆபத்து. படுத்திருக்கும் எஸ்ஸுக்கு இரண்டு கட்டம் சமமாகவும் அதற்கு வலப்பக்கம் ஒரு கட்டம் உயரமாகவும் வேண்டும். இசட்டுக்கு அதே படி இடப்பக்கம் வேண்டும். தட்டைத் தரையில் இரண்டுமே ஓட்டை போட்டுத்தான் உட்காரும். அதனால் ஒரு கட்ட உயரத்தில் சின்னப் படிகள் இருக்கட்டும். ஓ கட்டைக்கு எங்காவது இரண்டு கட்டச் சமதரை இருக்கட்டும். ஒற்றைப் பத்திப் பள்ளம் இரண்டு கட்ட ஆழம் என்றால் ஜே அல்லது எல் கொக்கி போட்டு மூடும். மூன்று ஆழம் ஆகிவிட்டால் ஐ கட்டையைத் தவிர வேறு வழியில்லை. அதை ஓரத்துக்கென்று வைத்திருந்தோமே, போச்சு.

கட்டை கையில் வந்ததும் "இது எங்கே பொருந்தும்" என்று கேட்பது பாதிக் கேள்வி. "இதை இங்கே வைத்தால் அடுத்தது எங்கே போகும்" என்பது மீதி.

படி 5: கண்

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

விழுகிற கட்டையின் மேல் கண்ணை வைத்திருப்பவர், அது தரை தொட்ட பிறகுதான் அடுத்ததைப் பற்றி யோசிப்பார். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு யோசனை, ஒரு தயக்கம், அப்புறம்தான் நகர்த்தல். கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் இந்த இடைவெளி குறையாது. தேறியவர் கட்டை தோன்றும் முன்பே அதன் இடத்தை முடிவு செய்திருப்பார். விரல் ஒரு கட்டையை வைத்துக்கொண்டிருக்க, கண் நெக்ஸ்ட் வரிசையில், அதாவது அடுத்து வரும் கட்டைகளைக் காட்டும் இடத்தில் இருக்கும். சைக்கிள் ஓட்டும்போது முன்சக்கரத்தையா பார்க்கிறோம்?

இதைப் பழகுவதற்கு நான் செய்தது இது. டெட்ரியோவில் ஜென் என்று அவசரமில்லாத ஒரு முறை இருக்கிறது. அதில் ஒவ்வொரு கட்டையையும் இறக்கும் முன் நிறுத்தி, அடுத்த கட்டை எங்கே என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "டி இங்கே, அடுத்த எல் இடது ஓரம்." சொன்ன பிறகுதான் ஹார்ட் டிராப். சொன்ன இடத்தில்தான் அடுத்ததை வைக்க வேண்டும், மனசு மாறக் கூடாது. மாறினால் முதலிலேயே தப்பாகப் பார்த்திருக்கிறீர்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. முதல் வாரம் ஒரு கட்டை முன்னால். அது தானாக வர ஆரம்பித்ததும் இரண்டு. ஐந்தையும் ஒரே நேரத்தில் பார்க்க இப்போதே முயல வேண்டாம். எனக்கே இன்னும் மூன்றுக்கு மேல் ஓடாது.

ஹோல்டும் இதோடு சேர்ந்ததுதான். மாட்டிக்கொண்ட பிறகு தப்பிக்கும் கதவாக அதை வைத்திருந்தால், கதவைத் திறக்கும்போது உள்ளே இன்னொரு வேண்டாத கட்டை இருக்கும். வரிசை மாற்றும் கருவியாக நினையுங்கள்: இப்போது எஸ், அடுத்து ஓ வருகிறது, ஓவை முதலில் வைத்தால் எஸ்ஸுக்குப் படி கிடைக்கும் என்றால் எஸ்ஸை ஒதுக்குங்கள்.

படி 6: விரல்

ஃபினெஸ் என்று சொல்வார்கள். ஒரு கட்டையை மிகக் குறைந்த அழுத்தங்களில் இடத்துக்குக் கொண்டுபோவது. ஓ கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது நடுவில், 5, 6ஆம் பத்திகளில் தோன்றும். உட்காரக்கூடிய இடங்கள் மொத்தம் ஒன்பது. இடது சுவருக்கு ஒரு பிடி. சுவரிலிருந்து ஒன்று தள்ளி என்றால் சுவருக்குப் பிடித்துவிட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு. அதற்கு அடுத்தது நடுவிலிருந்து இரண்டு தட்டு, அதற்கும் அடுத்தது ஒரு தட்டு. வலப்பக்கமும் அப்படியே. எந்த இடத்துக்கும் இரண்டு அழுத்தங்களுக்கு மேல் தேவையில்லை. ஏஆர்ஆரை 0 ஆக்கச் சொன்னது இதற்காகத்தான்.

தினமும் பத்து நிமிடம், ஒரே ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு எல்லா இடங்களுக்கும் அனுப்பிப் பாருங்கள். சலிப்பான வேலை. மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

படி 7: 40 வரிசை

40 வரிசையை எவ்வளவு சீக்கிரம் அழிக்கிறோம் என்று தனியாக ஆடிப் பார்ப்பது இது. 40 வரிசை என்றால் 400 கட்டம், 100 கட்டை. நொடிக்கு ஒரு கட்டை வைத்தால் 1 நிமிடம் 40 நொடி. இது புதியவர்களுக்கு நல்ல முதல் இலக்கு. நான் ஆரம்பித்தபோது மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. கடிகாரத்தைப் பார்க்காமல், ஓட்டை விழுந்தால் மறுபடி முதலிலிருந்து என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். நேரம் தன்னால் குறைந்தது.

படி 8: டி-ஸ்பின்

இதைக் கற்க அவசரப்படாதீர்கள். 40 வரிசையை இரண்டு நிமிடத்துக்குள் ஓட்டையில்லாமல் முடிக்க வந்த பிறகு போதும். டி கட்டையைக் கூரைக்கு அடியில் சுழற்றி நுழைத்து இரண்டு வரிசை அழித்தால் 4 வரிசை கார்பேஜ் போகும். ஐ கட்டையின் நான்குக்கு நிகரான அடி, பாதிச் செலவில். தேவைப்படும் பள்ளம் இப்படி இருக்கும்:

■ ■ □ □ □
■ □ □ □ ■
■ ■ □ ■ ■

அடியில் ஒரு காலிக் கட்டம், அதன் மேல் மூன்று காலிக் கட்டம், இடது மூலைக்கு மேல் ஒரு கூரை. டி கட்டையை மூக்கு, அதாவது நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டம், வலப்பக்கம் இருக்கும்படி நிறுத்தி, அடிக் கட்டத்துக்கு மேலே கொண்டுவந்து, சாஃப்ட் டிராப்பில் (உடனே ஒட்டிவிடாமல் வேகமாக இறக்கும் கீ) தரை வரை இறக்கி, கடிகாரத் திசையில் ஒரு சுழற்று. மூக்கு கீழே பார்த்தபடி கூரைக்கு அடியில் போய் உட்காரும். கடைசி அசைவு சுழற்சியாக இருக்க வேண்டும் என்பது விதி. கூரை வலப்பக்கம் இருந்தால் எல்லாம் எதிர்ப்புறம்.

கடினமானது சுழற்றுவதல்ல, கூரை போடுவது. ஐந்தாம் படி கைவராமல் இதற்கு வந்தால், பள்ளம் தயாராகும்போது டி கட்டை ஏற்கெனவே வீணாகப் போயிருக்கும்.

படி 9: மோதல்

கார்பேஜ் வரிசைகளில் ஒரு பத்தி மட்டும் காலியாக இருக்கும். அந்த ஓட்டையை மூடாமல் வைத்திருந்து கீழே தோண்டிப் போவதுதான் தற்காப்பு. பயத்தில் அதன்மேல் கட்டைகளைக் குவிப்பதுதான் புதியவர்கள் தோற்கும் வழி. ஜேஸ்ட்ரிஸில் சீஸ் ரேஸ் என்று இதற்கென்றே ஒரு முறை உண்டு. இன்னொன்று, கார்பேஜ் வந்து ஏறும் முன் நீங்கள் வரிசை அனுப்பினால் இரண்டும் கழிந்துபோகும். ஐ கட்டை கையில் இருந்தால், அடி வருகிறது என்று தெரிந்ததும் இறக்குங்கள்.

முதல் இருபது ஆட்டம் தோற்பீர்கள். தரவரிசை உங்களுக்கு நிகரானவர்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் வரை அப்படித்தான். தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைத் திறந்து கடைசியிலிருந்து பின்னோக்கி நகர்த்துங்கள். செத்த இடத்தைப் பார்ப்பதில் பயனில்லை. அதற்குப் பத்துப் பதினைந்து கட்டைகளுக்கு முன்னால் ஒரு கட்டையைத் தெரியாமல் வைத்திருப்பீர்கள், அதைத் தேடுங்கள். கிடைத்ததும், அந்த நேரத்தில் நெக்ஸ்ட் வரிசையில் என்ன இருந்தது என்று பாருங்கள். தேவைப்பட்ட கட்டை பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.