பிக்கப் வண்டியில் கோளாறு எங்கே? வாசலிலேயே கண்டுபிடிக்கும் வழி

"ஏதோ சத்தம் வருகிறது, பாருங்கள்" என்று லோடு பிக்கப்பை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், அவிழ்த்துப் பார்க்கும் கூலியே தனியாக ஏறும். என்ன சத்தம் என்பதைவிட அது எப்போது வருகிறது என்பதே மெக்கானிக்குக்குப் பயன்படும். இங்கே சொல்வது கிளட்ச் உள்ள டீசல் பிக்கப்புக்கு. வண்டியைக் காலியாக, சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

1. முதலில் பிரேக்

நிற்காத வண்டியை ஓட்டிச் சோதிக்க முடியாது. இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நான்கைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே இறங்கினால் பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பாகம்) நன்றாக இருக்கிறது. அசையவே இல்லையா? பூஸ்டரையோ அதற்குப் போகும் வேக்குவம் குழாயையோ பார்க்க வேண்டும்.

மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல அடிவரை போனால் பிரேக் ஆயில் கசிகிறது. சக்கரங்களின் உட்புறமும் பிரேக் குழாய்களும் ஈரமில்லாமல் இருந்தால் சந்தேகம், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர்மேல். அந்த வண்டியைத் தெருமுனை வரைகூட எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வரவழையுங்கள்.

2. இன்ஜின்

காலையில், ஸ்டார்ட் செய்யும் முன் டிப் ஸ்டிக்கை (இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவிப் பாருங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு; அதைக் காட்டிப் பயமுறுத்துபவரை நம்ப வேண்டாம். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால்தான் கவலை: ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) வழியாக.

பிறகு புகை. கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். விலை குறைந்த ஏர் ஃபில்டரை முதலில் பாருங்கள், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பிறகு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளைப் புகை பரவாயில்லை. சூடேறிய பிறகும் நிற்காமல், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்தால் மறுபடி ஹெட் கேஸ்கெட்தான். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது.

3. கிளட்ச், கியர்பாக்ஸ்

வீண்செலவு அதிகம் நடக்கும் இடம் இது. நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும். கிளட்சை மிதிக்கும்போது சத்தம் வந்தால், கிளட்சை விடுவிக்க அழுத்தும் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர்பாக்ஸின் உள்ளே, பெரும்பாலும் இன்புட் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) பேரிங்.

கியர் விழ மறுக்கிறதா? இன்ஜினை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்தால் கியர்பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள். கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கிளட்ச் ஆயில் குறைந்திருக்கலாம், லைனில் காற்று புகுந்திருக்கலாம். மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் மட்டும் இரைந்து, வேகம் கூடாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது.

4. ஓட்டிப் பார்ப்பது

பிரேக் தேறினால் மட்டும், ஆளில்லாத சாலையில். கிளம்பும்போது அடியில் "டொக்" என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின்அச்சுக்குப் போகும் நீள தண்டு) கிராஸ் ஜாயின்ட், அதாவது அதன் மூட்டு. வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் இரைச்சல் கூடினால் வீல் பேரிங். ஆக்சிலரேட்டரை மிதிக்கையில் ஊளையிட்டு, காலை எடுத்ததும் அது மாறினால் பின்பக்க டிஃபரன்ஷியல் (பின்அச்சின் நடுவிலுள்ள கியர் பெட்டி). கழற்றச் சொல்லும் முன் அதில் ஆயில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.