கோட் ப்ளூ முடிந்ததும் பத்து நிமிடம்

கோட் ப்ளூ என்பது நோயாளியின் இதயம் நின்றுவிட்டால் மருத்துவமனையில் விடுக்கும் அவசர அழைப்பு. அதற்கு ஓடிவந்து சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முதலுதவி) கொடுத்து முடித்த குழு கலைவதற்குள், நடந்ததைப் பற்றி வார்டிலேயே ஓரமாக நின்று பேசிவிடுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் நேரக்கணக்கு மறந்துபோகும். நோயாளி இறந்திருந்தால் முதல் ஒரு நிமிடம் அமைதியாக இருங்கள், அது அவசியம்.

என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த முறை என்ன மாற்றுவது: அமெரிக்க ராணுவப் பயிற்சியிலிருந்து வந்த இந்த நான்கு கேள்விகள் போதும். முதலில் நர்ஸ் பேசட்டும். பெரிய டாக்டர் ஆரம்பித்தால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது.

“யார் தாமதம் செய்தது?” என்று கேட்காதீர்கள். “அட்ரினலின் ஊசி 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை போக வேண்டும், இரண்டாவது டோஸுக்கு 8 நிமிடம் ஏன் ஆனது?” என்று கேளுங்கள். நேரம் குறிக்க ஆளே இல்லை என்பது அப்போதுதான் வெளியே வரும். அடுத்த ஷிஃப்ட் தொடங்கும்போதே அந்த வேலையை ஒருவர் பெயரில் எழுதி, கிராஷ் கார்ட்டில் (அவசர மருந்துகளும் கருவிகளும் வைக்கும் தள்ளுவண்டி) ஒட்டிவிடுங்கள்.